இருவழி உரிமை: சிப்பியின் தலைமுறை வரலாறும் தேசவழமையும்

‘பிறப்புரிமையியல்’ என்பது நம் நாட்டுத் தமிழ்ப் பாடநூல்கள் ஒரு விஞ்ஞானத் துறைக்கு இட்ட பெயராகும். பெற்றோரின் இயல்புகள் பிள்ளைகளைச் சென்றடையும் முறையினை ஆராய்வது அத்துறை. தமிழகத்தார் மரபியல் என வழங்குவதை நம்மவர் உரிமை என்னும் சொல்லின் துணைகொண்டு வழங்கினர். அவ்வியல்புகள் ஒரு தலைமுறையினின்றும் மற்றொரு தலைமுறைக்குக் கைமாறுதலை அந்நூல்கள் ‘தலைமுறையுரிமை’ என்கின்றன. யாழ்ப்பாணத்திலே பிறந்து வளர்ந்த ஒருவர் இச்சொற்களைக் கேட்டவுடன் ஆய்வுகூடத்தை நினைப்பதற்கு முன்னர் நொத்தாரிசின் மேசையையும் காணி உறுதியையுமே நினைப்பர்.

கலைப்பீட மாணவியாகிய நான் இவ்விரு உலகங்களும் ஒன்றையொன்று தொடும் ஓரிடத்தைப் பற்றி எழுத முற்படுகின்றேன். கடலிலும் நன்னீரிலும் வாழும் சில சிப்பியினங்களிலே தாயின் உடைமையொன்று மகளுக்கும், தந்தையின் உடைமையொன்று மகனுக்குமாகத் தனித்தனி வழிகளில் இறங்குகின்றது. 1990ஆம் ஆண்டுக்கு முன்னர் விலங்குலகில் இத்தகையதோர் ஒழுங்கு இருக்கக்கூடுமென உயிரியலார் எதிர்பார்த்திலர். ஆனால் தேசவழமையின் தொடக்கப் பகுதியை வாசித்த எவருக்கும் இச்செய்தி முன்னரே கேட்ட ஒன்றைப் போலத் தோன்றும். ‘தாய்வழியே’ என்னும் உயிரியல் விதி எவ்வாறு உருவாயிற்று, சிப்பியினால் அது எவ்வாறு திருத்தம் பெற்றது, அத்திருத்தம் வரலாறு பயிலும் நமக்கு எதனை உணர்த்துகின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாய்வழி என்னும் விதி

உயிர்க் கலத்தின் நடுவே கரு உண்டு. பரம்பரை அலகுகளின் மிகப் பெரும் பகுதி அக்கருவிலுள்ள நிறமூர்த்தங்களில் அடங்கியுள்ளது. தாயும் தந்தையும் அவற்றில் ஏறத்தாழச் சம பங்கினை வழங்குகின்றனர். கருவுக்குப் புறத்தே, கலத்துக்கு வேண்டிய சக்தியை ஆக்கித்தரும் இழைமணிகள் என்னும் நுண்ணுறுப்புகள் உள்ளன. 1963இல் மார்கிட் நாஸ், சில்வன் நாஸ் ஆகிய இருவரும் கோழிக் கருக்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியினால் ஆராய்ந்து, அவ்விழைமணிகளுக்குள்ளும் டி.என்.ஏ. இருத்தலைக் கண்டனர். கருவுக்கு வெளியே தனியான சிறு முதுசமொன்று பேணப்படுவது அவ்வாறு வெளிப்பட்டது. இழைமணிகள் ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பற்றீரியங்களின் வழித்தோன்றல்கள் என்னும் கருத்தினை லின் மார்குலிஸ் 1967இல் விரிவாக முன்வைத்தார். தமக்கெனத் தனி டி.என்.ஏ. அவற்றுக்கு உண்டானமைக்கு அது பொருத்தமான விளக்கமாயிற்று.

இச்சிறு முதுசம் எவர்வழி வருகின்றது என்பது அடுத்த வினா. 1972இல் தவளைகளிலும், 1974இல் குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கலப்பினங்களிலும் செய்யப்பட்ட ஆய்வுகள் அது தாய்வழியே வருதலைக் காட்டின. தாய் குதிரையாயின் பிள்ளையின் இழைமணி டி.என்.ஏ. குதிரையினது, தாய் கழுதையாயின் அது கழுதையினது. 1980இல் மனிதரிடத்தும் அவ்வாறே எனக் காட்டப்பட்டது. 1981இல் மனித இழைமணி டி.என்.ஏ. முழுவதும் கேம்பிரிட்ஜில் வாசிக்கப்பட்டது. 16,569 எழுத்துச் சோடிகளும் 37 அலகுகளும் கொண்ட சிறு வளையம் அது.

இதற்குரிய காரணமும் எளிதில் விளங்கக்கூடியதாய் இருந்தது. முட்டை பெரியது, அதனுள் இழைமணிகள் இலட்சக்கணக்கில் உள்ளன. விந்து சிறியது; நீந்துவதற்கு வேண்டிய சில இழைமணிகளையே அது சுமந்து வருகின்றது. பாலூட்டிகளிலே அவையும் முட்டையினுள் நுழைந்தபின் அழிக்கப்படுகின்றன. தந்தையின் இழைமணிகள் அழிவுக்குரிய இரசாயன அடையாளமொன்றைத் தாங்கியே முட்டையினுட் புகுகின்றன என்பது 1999இல் தெரியவந்தது.

இவ்விதி வரலாற்றாய்வுக்குப் பெரும் வசதியாயிற்று. கருவிலுள்ள அலகுகள் ஒவ்வொரு தலைமுறையிலும் கலந்து மாறுவன. இழைமணியின் அலகுகளோ தாயிடமிருந்து மகளுக்கும் அவளிடமிருந்து அவள் மகளுக்குமாகக் கலப்பின்றி வருவன. 1987இல் ரெபேக்கா கான், மார்க் ஸ்ரோன்கிங், அலன் வில்சன் ஆகியோர் 147 பேரின் இழைமணி டி.என்.ஏ.யை ஒப்பிட்டு, இன்றுள்ள மனிதர் அனைவரினதும் தாய்வழி ஏறத்தாழ 200,000 ஆண்டுகளுக்கு முன் ஆபிரிக்காவில் வாழ்ந்த ஒருத்தியிடம் சென்று சேர்கின்றது என்றனர். பத்திரிகைகள் அவளை ஏவாள் என அழைத்தன. ஏடும் கல்வெட்டும் இல்லாத காலத்து வரலாற்றை உடலிலிருந்தே படிக்கலாம் என்னும் நம்பிக்கை அக்காலத்திற் பிறந்தது. ஒரு விதி பயன்மிக்கதாய் அமையும்போது அதன் எல்லை எதுவென வினவும் வழக்கம் குறைந்துவிடுதல் இயல்பு. தாய்வழி என்பது மனிதருக்கும் பாலூட்டிகளுக்கும் மாத்திரமன்றி விலங்குகள் அனைத்துக்கும் உரிய பொதுவிதி எனக் கொள்ளப்பட்டது.

விதிக்கு அடங்காத சிப்பி

அத்திலாந்திக் சமுத்திரத்தின் வடகரைகளிலே, பாறைகளை நார்போன்ற இழைகளாற் பற்றிக்கொண்டு கூட்டங்கூட்டமாக வாழ்வது மைற்றிலஸ் என்னும் நீலச் சிப்பி. ஐரோப்பியர் விரும்பி உண்பதும் கடலிலே வளர்த்து விற்பதுமான இனம் அது. 1990இல் பிஷர், ஸ்கிபின்ஸ்கி ஆகிய இருவரும் இச்சிப்பியில் ஒரு புதுமையைக் கண்டனர். ஓர் உடலில் ஒருவகை இழைமணி டி.என்.ஏ.யே இருத்தல் வேண்டும் என்பது விதி. ஆனால் பல சிப்பிகளில் இரு வேறு வகைகள் ஒருங்கே காணப்பட்டன. அவ்வாறு காணப்பட்டவை பெரும்பாலும் ஆண்களாகவே இருந்தன.

அடுத்த ஆண்டு வோல்ற்றர் ஹோவும் அவர் துணைவரும் அமெரிக்கச் சிப்பிகளில் இதே நிலையைக் கண்டு, தந்தையிடமிருந்தும் இழைமணி கசிந்து வருதல் கூடும் என ஐயுற்றனர். அக்கசிவு தற்செயலானதோ, ஒழுங்குக்கு உட்பட்டதோ என்பது அப்போது தெளிவாகவில்லை. ஐயம் தீர ஒரு வழியே இருந்தது. தாய் எது, தந்தை எது என அறிந்த சிப்பிகளைச் சோடி சேர்த்து, அவற்றின் பிள்ளைகளை வளர்த்துப் பார்த்தல் வேண்டும். கனடாவின் ஹலிபக்ஸ் நகரிலுள்ள டல்ஹௌசிப் பல்கலைக்கழகத்தில் எலெப்தெரியோஸ் சூரோஸ் என்பாரின் குழுவினர் அதனைச் செய்தனர். தந்தைவழி வருகை உண்மையே என்பதனை 1992இல் அவர்கள் நேரடியாக நிறுவினர்.

1994இல் அதன் ஒழுங்கும் வெளிப்பட்டது. சூரோசின் குழுவும் ஸ்கிபின்ஸ்கியின் குழுவும் அவ்வாண்டிலே வெவ்வேறாக ஒரே முடிவுக்கு வந்தன. மகள் தாயின் இழைமணி டி.என்.ஏ.யை மாத்திரம் பெறுகிறாள். மகனோ தாயினதையும் தந்தையினதையும் பெறுகிறான். அவனது உடலிலே தாய்வழி வந்தது மேலோங்கி நிற்கின்றது. அவனது இனப்பெருக்க உறுப்பிலே தந்தைவழி வந்தது நிலைகொள்கின்றது. அவன் தன் விந்தின்மூலம் அடுத்த தலைமுறைக்கு வழங்குவது தந்தையிடம் பெற்றதையே. தாயிடம் பெற்றது அவனோடு முடிந்துபோகின்றது. ஆகவே இரு தனிவழிகள் பக்கம்பக்கமாக ஓடுகின்றன: தாயிடமிருந்து மகளுக்கு ஒன்று, தந்தையிடமிருந்து மகனுக்கு மற்றொன்று. இதற்கு அவ்வறிஞர் இட்ட பெயரைத் தமிழில் ‘இரட்டை ஒருவழித் தலைமுறையுரிமை’ எனலாம்.

இந்நிலை நீலச் சிப்பிக்கு மாத்திரம் உரியதன்று என்பது பின்னர்த் தெரிந்தது. வட அமெரிக்க நன்னீர்ச் சிப்பிகளிலும், பிலிப்பைன்ஸ் மட்டி எனப்படும் கடல் மட்டியிலும், வேறு பல குடும்பங்களிலும் அது கண்டறியப்பட்டது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட இனங்களில் இவ்வொழுங்கு அறியப்பட்டுள்ளது. இலங்கையின் குளங்களிலும் ஆறுகளிலும் வாழும் லமெல்லிடென்ஸ் என்னும் நன்னீர்ச் சிப்பியும் யூனியோனிடே என்னும் அப்பெருங் குடும்பத்தின் உறுப்பேயாகும்.

ஆண்வழி நிலைபெறும் விதம்

தாய்வழி, ஆண்வழி ஆகிய இரண்டும் எத்துணைக் காலம் பிரிந்து ஓடின என்பதை அவற்றின் எழுத்து வேறுபாடு காட்டுகின்றது. ஒரே நீலச் சிப்பியினுள் இருக்கும் இவ்விரு டி.என்.ஏ.களும் நூற்றுக்கு இருபது வீதத்துக்கு மேல் வேறுபடுகின்றன. நன்னீர்ச் சிப்பிகளிலே இப்பிரிவு 200 மில்லியன் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது எனக் கணிக்கப்பட்டுள்ளது. ஓர் உடலினுள்ளே இரு வேறு பழமைகள் உறைகின்றன எனின் அது மிகையன்று.

இது நிகழும் விதமும் கவனிக்கத்தக்கது. நீலச் சிப்பியின் விந்து பொதுவாக ஐந்து இழைமணிகளைத் தாங்கி வருகின்றது. ஒவ்வொரு முட்டையும், மகளாக வளர்வதாயினும் மகனாக வளர்வதாயினும், அவற்றை ஏற்றுக்கொள்கின்றது. வேறுபாடு அதன்பின்னரே தோன்றுகின்றது. முட்டை பிரிந்து பல கலங்களாகும்போது, மகளாகும் கருவில் அவ்வைந்தும் வெவ்வேறு கலங்களுக்குச் சிதறி மறைகின்றன. மகனாகும் கருவிலோ அவை சிதறாது ஒன்றாகத் திரண்டு ஒரே கலத்தினுட் செல்கின்றன. இறுதியில் இனப்பெருக்க உறுப்பைச் சென்றடைகின்றன. 2004இல் வெளியான ஆய்வொன்று தந்தையின் இழைமணிகளுக்குச் சாயமூட்டி இவ்வேறுபாட்டைக் கண்ணாற் காணச் செய்தது.

பிள்ளை ஆணா பெண்ணா என்பதும் இங்கு பெரிதும் தாயைப் பொறுத்தது. சில தாய்ச் சிப்பிகள் எந்த ஆணோடு சேர்ந்தாலும் பெரும்பாலும் பெண்களையே ஈனுகின்றன; வேறு சில பெரும்பாலும் ஆண்களையே ஈனுகின்றன. எனவே தந்தைவழி உரிமை தொடருமா அற்றுப்போகுமா என்பது தாயிடத்தே தீர்மானமாகின்றது. மேலும், ஆண் பெண் என்னும் பிரிவு நீங்கி இருபாலும் ஓருடலில் அமைந்துவிட்ட சில நன்னீர்ச் சிப்பிகளில் தந்தைவழி டி.என்.ஏ. முற்றாக மறைந்துவிட்டது. மொன்றியலைச் சேர்ந்த சோபி பிரெட்டனும் அவர் துணைவரும் இதனை 2011இல் எடுத்துக்காட்டினர். இவ்விரு வழிகளும் பால் வேறுபாட்டோடு நெருங்கிய தொடர்புடையன என்பதற்கு இது வலுவான சான்றாகக் கொள்ளப்படுகின்றது.

முதுசமும் சீதனமும்

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1707ஆம் ஆண்டிலே, யாழ்ப்பாணத்து ஒல்லாந்தத் திசாவையாகிய கிளாஸ் ஐசாக்ஸ், ஆளுநர் சீமொன்சின் பணிப்பின்படி இம்மக்களின் வழமைகளைத் தொகுத்தளித்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதனைப் பரிசீலித்து ஒப்புதல் அளித்தனர். பின்னர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தினால் பிரித்தானியர் அதற்குச் சட்டவலு வழங்கினர். இதுவே தேசவழமைச் சட்டம்.

அத்தொகுப்பின் தொடக்கத்திலேயே உடைமைகள் மூன்றாக வகுக்கப்படுகின்றன. கணவன் கொண்டுவருவது முதுசம். மனைவி கொண்டுவருவது சீதனம். இருவரும் மணவாழ்வில் ஈட்டுவது தேடியதேட்டம். பண்டைக் காலத்தில் முதுசம் ஆண்மக்களுக்கும் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றன என்றும், தேடியதேட்டம் இருபாலாருக்கும் பகிரப்பட்டது என்றும் அத்தொகுப்புக் கூறுகின்றது. கணவனது உடைமை ஆண்வழியிலும் மனைவியினது பெண்வழியிலும் நிலைபெற வேண்டும் என்பதே அவ்வொழுங்கின் அடிப்படை.

தமிழர் வாழும் நிலப்பரப்பில் இத்தகைய ஒழுங்கு அரியது. இந்தியாவின் பெரும்பகுதியில் வழங்கிய மிதாட்சர முறையிலே மூதாதையர் சொத்தில் ஆண்மக்கள் பிறப்பினாலேயே உரிமை பெற்றனர். பெண்மக்களுக்கு அப்பிறப்புரிமை இந்திய அளவில் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே கிடைத்தது. அம்முறையை, தந்தையிடமிருந்து மகனுக்கு மாத்திரம் செல்லும் வை நிறமூர்த்தத்துக்கு ஒப்பிடலாம். இதற்கு மறுதலையாகக் கேரளத்து மருமக்கட்டாயமும் மட்டக்களப்பு முக்குவர் வழமையும் தாய்வழியையே உரிமைக்கு வழியாகக் கொண்டன. மட்டக்களப்பிலே குடி இன்றும் தாய்வழியே எண்ணப்படுகின்றது. இவை பாலூட்டிகளின் இழைமணியை ஒத்தவை. இரு வழிகளையும் ஒருங்கே வைத்து, ஒன்றோடொன்று கலவாது காக்க முயன்ற தேசவழமையின் பழைய ஒழுங்கிற்கே சிப்பி நெருங்கிய உவமையாகின்றது.

உவமை சான்றாகாது என்பதை நான் மறக்கவில்லை. சிப்பியின் ஒழுங்கு இரசாயனத்தால் இயல்வது. நம்முடையது மனிதர் கூடி வகுத்து, மனிதராலேயே மாற்றப்படுவது. சிப்பியிலே மகளுக்கு வீடும் வளவும் இல்லை. மாப்பிள்ளை வீட்டாரின் பேரமும் இல்லை. இயற்கையில் இவ்வாறு உளது எனக் காட்டிச் சீதனத்தை நியாயப்படுத்துவது தவறாகும். ஆயினும் இரு ஒழுங்குகளுக்கும் நேர்ந்த கதியை ஒப்பிடுவதில் பயன் உண்டு.

வழி மாறிய உரிமை

சிப்பியாராய்ச்சியில் 1997இல் மற்றுமொரு புதுமை வெளியாயிற்று. சில நீலச் சிப்பி ஆண்களின் விந்திலே இருக்கவேண்டிய ஆண்வழி டி.என்.ஏ. இல்லை. அவ்விடத்தில் அண்மைக் காலத்தே தாய்வழியிலிருந்து பிரிந்துவந்த டி.என்.ஏ. இருந்தது. தாய்வழியினது தந்தைவழியினுட் புகுந்து, அதன்பின் ஆண்மகனுக்கே செல்லும் உரிமையாக மாறிவிட்டது. பழைய ஆண்வழி அவ்விடத்தே அற்றுப்போயிற்று. இதனால், இரு வழிகளும் பிரிந்த காலத்தை எழுத்து வேறுபாட்டினால் அளக்க முற்படுவோர் ஏமாறுதல் கூடும். வழி பழையது, அதிற் செல்லும் பொருளோ புதியது. நன்னீர்ச் சிப்பிகளில் இத்தகைய வழிமாற்றம் நிகழாமையாலேயே அவற்றின் இரு வழிகளும் அத்துணைப் பழமை உடையனவாய் நிற்கின்றன.

தேசவழமைத் தொகுப்பும் இதனையொத்த மாற்றமொன்றைத் தானே பதிவுசெய்துள்ளது. முதுசம் ஆணுக்கு, சீதனம் பெண்ணுக்கு என்பது முற்காலத்து நிலை என்றும், ஆட்சிகள் மாறியமையால், சிறப்பாகப் போர்த்துக்கேயர் காலத்திலே, அது படிப்படியாக மாற்றமடைந்தது என்றும் அது கூறுகின்றது. 1707இலேயே பெற்றோர் மகளின் சீதனத்தைத் தந்தையின் முதுசத்திலிருந்தோ தாயின் சீதனத்திலிருந்தோ இரண்டிலுமிருந்தோ வேறுபாடின்றிக் கொடுக்கும் வழக்கம் வந்துவிட்டது. தந்தையின் முதுசக் காணி மகளுக்குச் சீதனமாகிப் பெண்வழியினுட் புகுந்தது. சீதனம் பெற்ற மகள் பெற்றோரின் எஞ்சிய சொத்தில் உரிமை கோரமுடியாதவளானாள். ஆக, ஐசாக்ஸ் எழுதிவைத்தபோதே அப்பழைய ஒழுங்கு ஒரு நினைவாகிவிட்டது எனலாம்.

1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இம்மாற்றத்தை மேலும் முன்கொண்டு சென்றது. அச்சட்டத்தில் முதுசம் என்பதன் பொருள், பெற்றோரோ பிற மூதாதையரோ இறந்தபின் ஒருவருக்கு இறங்கும் சொத்து என வகுக்கப்பட்டது. அவ்வொருவர் ஆணாயினும் பெண்ணாயினும் ஆகுக. சொல் பழையது, பொருள் புதியது. அதே சட்டம் மணமான பெண்ணின் சொத்து அவளுக்கே தனியுரிமையானது என ஒப்புக்கொண்டது. ஆயினும், அவள் தன் அசையாச் சொத்தை உயிருடன் இருக்கும்போது பராதீனப்படுத்துவதற்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்ற நிபந்தனையையும் விதித்தது. வழி பெண்ணினது, வாயிற் சாவியோ வேறொருவர் கையில் இருந்தது. தேசவழமை பெண்ணுக்குச் சொத்து வழங்கியது எனப் பெருமை பேசுவோர் இந்நிபந்தனையையும் உடன்கூறுதல் நேர்மையாகும்.

எந்தச் சான்று எந்த வழியினது?

இதுவரை கூறியவற்றால் வரலாற்று மாணவருக்கு விளையும் பயன் யாது? சிப்பியை ஆராய்ந்தோர் கற்ற பாடம் இங்கே நமக்குரியதாகின்றது. ஓர் ஆண் சிப்பியின் காற்சதையை எடுத்து ஆராய்ந்தால் தாய்வழி வரலாறு கிடைக்கும். அதே சிப்பியின் இனப்பெருக்க உறுப்பை எடுத்து ஆராய்ந்தால் தந்தைவழி வரலாறு கிடைக்கும். இரண்டும் உண்மை. ஒன்றை மற்றொன்றாக எண்ணினால் இரண்டும் பொய்யாகும். எந்தப் பகுதியிலிருந்து சான்று பெறப்பட்டது என்பதைக் குறித்துவைக்காத ஆராய்ச்சி ஓர் இனத்தை இரண்டாகவும் இரண்டினத்தை ஒன்றாகவும் காட்டிவிடக்கூடும்.

யாழ்ப்பாண வரலாற்றுச் சான்றுகளும் இத்தகையனவே. மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை போன்ற நூல்கள் அரசரின் வரிசையைத் தந்தை மகன் என்னும் முறையிற் கூறிச் செல்கின்றன. அவ்வரிசையை மாத்திரம் படிப்போருக்கு யாழ்ப்பாணம் ஆண்வழிச் சமூகமாகவே தென்படும். ஒரு கிராமத்தின் சீதன உறுதிகளை அடுக்கிப் படிப்போருக்கோ வீடும் வளவும் கிணற்றுப் பங்கும் பெண்வழியே இறங்கிவந்த வேறொரு யாழ்ப்பாணம் தென்படும். மணமான ஆண் மனைவியின் வீட்டிலே குடியேறும் வழக்கமும் அப்போதே விளங்கும். முன்னையது இனப்பெருக்க உறுப்பின் சாட்சி போன்றது. பின்னையது உடலின் சாட்சி போன்றது. நம் வரலாறு பெரும்பாலும் முன்னையதைக் கொண்டே எழுதப்பட்டது.

அண்மைக் காலத்தில் மற்றொரு வகைச் சான்றும் நம் முன்னே வந்துள்ளது. 2014இல் வெளியான ஆய்வொன்று இலங்கையின் ஐந்து மக்கட் குழுவினரைச் சேர்ந்த 271 பேரின் இழைமணி டி.என்.ஏ.யை ஒப்பிட்டது. வேடர் 75 பேர், மலைநாட்டுச் சிங்களவர் 60 பேர், கரைநாட்டுச் சிங்களவர் 40 பேர், இந்தியத் தமிழர் 57 பேர், இலங்கைத் தமிழர் 39 பேர். இத்தகைய ஆய்வுகள் வெளியாகும்போதெல்லாம், யார் முந்தியவர், யார் பிந்தியவர் என்னும் பழைய வழக்கிற்குத் தீர்ப்புக் கிடைத்துவிட்டதாக இரு பக்கத்தும் சிலர் ஆரவாரிக்கின்றனர். அவர்கள் இரண்டு விடயங்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதலாவது, 39 பேர் ஒரு சமூகம் முழுவதற்கும் சாட்சி கூற முடியாது. இரண்டாவது, இழைமணி கூறுவது ஒரேயொரு வழியின் கதையை. பத்துத் தலைமுறை பின்னோக்கிச் சென்றால் ஒவ்வொருவருக்கும் 1024 மூதாதையர் இடங்கள் உள்ளன. அவற்றுள் இழைமணியைத் தந்தவள் ஒருத்தி மாத்திரமே. எஞ்சிய 1023 பேரும் அச்சான்றில் வாய்பேசாது நிற்கின்றனர்.

இதனால் தாய்வழிச் சான்று பயனற்றது என்பது பொருளன்று. மனிதரிடத்தே அவ்விதி உறுதியாகவே நிற்கின்றது. 2002இல் டென்மார்க்கில் ஒரு நோயாளியின் தசையில் தந்தைவழி இழைமணி டி.என்.ஏ. காணப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 2018இல் மூன்று குடும்பங்களைச் சேர்ந்த 17 பேரிடம் இருவழி வருகை கண்டதாக மற்றொரு குழு கூறியது. பின்னர் 2020இல் வெளியான ஆய்வோ, கருவிலுள்ள நிறமூர்த்தங்களிற் பதிந்துபோன இழைமணித் துண்டுகள் அத்தகைய தோற்றத்தை ஏற்படுத்தக்கூடும் எனக் காட்டியது. சிப்பியினால் மனிதரின் விதி கவிழ்ந்துவிடவில்லை. எல்லா உயிர்க்கும் பொது எனக் கருதப்பட்ட விதிக்கு ஓர் எல்லை உண்டு என்பது அதனால் தெரிந்தது. எல்லை தெரிந்த விதியே நம்பத்தக்க விதியாகும்.

முடிவுரை

அளவெட்டியிலே எங்கள் வீடு அம்மம்மாவுக்குச் சீதனமாக வந்தது. அவரிடமிருந்து அம்மாவுக்கும் சீதனமாயிற்று. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்து இடப்பெயர்வின்போது அம்மம்மா தூக்கிச் சென்ற றங்குப் பெட்டியில் உடுபுடைவை அதிகம் இல்லை. உறுதிகளே இருந்தன என்பர். மீண்டு வந்தபோது கூரையில்லாத வீட்டுக்கு உரிமை காட்ட அவையே உதவின. சென்ற விடுமுறையில் இக்கட்டுரைக்காக அவ்வுறுதிகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். நான்கு தலைமுறைப் பெண்களின் பெயர்கள் அவற்றில் ஒழுங்காக இருந்தன. அவர்களின் சகோதரர்கள் சாட்சிகளாக மாத்திரம் கையொப்பமிட்டிருந்தனர்.

பின்னர் அப்பாவின் பக்கத்தைத் தேடினேன். அவரது முதுசக் காணியின் பெரும் பங்கு அவருடைய மூன்று சகோதரிகளுக்கும் சீதனமாகச் சென்றுவிட்டது. எஞ்சிய துண்டுக்குரிய உறுதியை அவர் தம்பிக்கென எடுத்துவைத்திருக்கிறார். “உனக்கு வீடு இருக்குது பிள்ளை, அவனுக்கு வேறென்ன இருக்குது?” என்றார். நியாயமான வார்த்தைதான். ஆனால் அந்த வீடு என் மணத்தன்று கைமாறுவதற்கென வைக்கப்பட்டது. மணமில்லையேல் அதன் கதி யாது என்பதற்கு அவரிடம் விடையில்லை. அம்மம்மாவின் பெட்டியிலும் அதற்குரிய உறுதி எதுவும் இல்லை. வழியொன்று வகுக்கப்பட்டிருப்பதனால் அவ்வழியிற் செல்லாதோரின் உரிமையும் காக்கப்பட்டதாகாது. இருவழி ஒழுங்கின் சிறப்பைப் பேசும் எவரும் இவ்வினாவையும் எதிர்கொள்ளுதல் வேண்டும்.

எங்கள் வளவுக் கிணற்றின் உட்சுவரிலே, வெட்டிய சுண்ணக்கல்லில், சிப்பிகளின் சுவடுகள் தெரியும். யாழ்ப்பாணக் குடாநாடு மயோசீன் காலத்துக் கடலடிச் சுண்ணக்கல்லின்மீது அமைந்தது என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். நாம் உறுதி எழுதிப் பங்கிட்டுக்கொள்ளும் நிலம் முதலில் அவற்றினது. தந்தைக்கும் தாய்க்கும் தனித்தனி வழி வகுத்த உயிர்கள் மனிதர் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே இவ்வுலகில் வாழ்ந்தன. அவற்றின் ஒழுங்கை மாற்ற அவற்றால் இயலாது. நம்முடையதோ 1707இலும் 1806இலும் 1911இலும் மனிதர் கையால் எழுதப்பட்டது. எழுதப்பட்டதைத் திருத்தி எழுதுதல் நமக்கு இயலும். திருத்துவதற்கு முன், எந்த வழியில் எது வந்தது என்பதை இரு பக்கத்து உறுதிகளையும் விரித்துவைத்துப் படித்தறிதல் வரலாறு பயில்வோரின் கடமையாகும்.